படுக்க மறுத்த முடி

தணிகைவேலின் இடது காதுக்கு மேலே நீளமான முடிக்கற்றை ஒன்று இருந்தது. தினமும் காலையில் சீப்பு அதை இழுத்து வந்து, வழுக்கை விழும் உச்சந்தலையின் குறுக்கே படுக்கவைக்கும். அதுவும் பெருமையாகத்தான் படுத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் அதன் அடியிலிருந்து ஒரு பூனைமுடி முனகியது. "அண்ணே, ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் நாங்க இளைச்சுக்கிட்டே போறோம். நீங்க மூடிக்கிட்டா அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

முடிக்கற்றைக்குச் சுருக்கென்றது. மறுநாள் சீப்பு இழுத்தபோது விறைத்து நின்றது.

"படுடா!" என்று சீப்பு தண்ணீர் தொட்டு வழித்தது, ஜெல் போட்டு அமுக்கியது.

"முடியாது. ஆனதைப் பார்த்துக்கோ!"

சலித்துப்போன தணிகைவேல் கண்ணாடிமுன் தலையைத் தாழ்த்தினான். ரொம்ப நாளைக்குப் பிறகு உச்சந்தலையைப் பார்த்தவன், நேரே தோல் டாக்டரிடம் போனான்.

"வேர் இன்னும் சாகலை. மருந்தை விடாம எடுத்தா இருக்கிறதைக் காப்பாத்தலாம், கொஞ்சம் தேத்தவும் செய்யலாம்" என்றார் டாக்டரம்மா. "முதல்ல இப்படி மூடி வைக்கிறதை நிறுத்துங்க."

திரும்பும் வழியில் சலூனில் முடிக்கற்றையை வெட்டச் சொன்னான். அது தரையில் விழுந்ததும் சட்டைப்பையிலிருந்த சீப்பு எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"திமிரா நின்னியே, இப்பக் குப்பைக்குத்தானே போறே?"

"போறேன். என் வேர் காதோரம் கெட்டியா இருக்கு, திரும்ப முளைப்பேன்" என்றது முடிக்கற்றை. "அப்பவும் படுக்கமாட்டேன். இழுத்துப் பாரு, உன் பல்லுதான் உடையும்!"