மிக்கேல் மேல் சத்தியம்

மனூசோஸ் திருடியது ஒரே ஒரு கிடா. ஆனால் அது வார்தீஸின் கிடா. கிரீட் தீவின் மலை முழுக்கத் தேடினாலும் வார்தீஸ் மாதிரி மீசையும் துப்பாக்கியும் முன்கோபமும் ஒரே ஆளிடம் சேர்ந்து கிடைக்காது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில்ல இருக்கிற மிக்கேல் படத்துல கை வச்சு, எடுக்கலைன்னு சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நீ யோக்கியன், நான் மடையன்!" என்று காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

மனூசோஸுக்குத் துப்பாக்கிகூடப் பெரிதில்லை. வானத்திலிருந்து வாளோடு வந்து உயிரெடுக்கும் தேவதூதன், மிக்கேல் சம்மனசு என்றால்தான் குலை நடுங்கும். அந்தப் படத்தில் கை வைத்துப் பொய் சொன்ன அவன் பெரியப்பாவுக்கு மூன்றே நாளில் வாய் கோணிக்கொண்டது. அதற்கப்புறம் மனிதர் கஞ்சியைக்கூடப் பக்கவாட்டில்தான் குடித்தார்.

இத்தனைக்கும் போன வருடம் அவன் மனைவி அர்கிரோவும், பக்கத்து வீட்டுக் கோழிகளை எடுக்கவில்லை என்று அதே படத்தில் கை வைத்தவள்தான். ஒரு தும்மல்கூட வரவில்லை. உத்தமி, அவளுக்கென்ன பயம்?

சனிக்கிழமை முழுக்கச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனின் கண், அடுப்பங்கரைச் சுவரில் போய் நின்றது. அங்கேயும் ஒரு மிக்கேல்! திருவிழாக் கடையில் அர்கிரோ வாங்கிய பலகைப் படம். அதே அளவு, அதே வாள், அதே புகைக் கறுப்பு.

மனூசோஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிறு விடிந்ததும், மணியடிக்க ஆள் வருவதற்குள் வேலை முடிந்தது. வீட்டுப் படம் கோயிலுக்குப் போனது. கோயில் படம் அவன் தோள்பைக்குள் ஏறி வீட்டுக்கு வந்தது.

பூசை முடிந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனூசோஸ் படத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

"வார்தீஸ் கிடாவ நான் தொட்டிருந்தா என் வாய் கோணிக்கட்டும்! வாய் மட்டும் பத்தாது, மூக்கும் சேந்து கோணட்டும்!"

கேட்டதற்கு மேலேயே கொடுத்தான். வார்தீஸ் கண் கலங்கிக் கட்டிப்பிடித்தான். "மன்னிச்சுக்க மச்சான், உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே!" என்று ஊருக்கே ஒயின் வாங்கி ஊற்றினான்.

மனூசோஸ் ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அர்கிரோ வெறும் சுவரையே பார்த்தபடி நின்றாள்.

"இங்க இருந்த மிக்கேல் எங்கங்க?"

"கோயில்ல புள்ள! அசல் இந்தா, பையில இருக்கு. கடைப் படத்து மேல சத்தியம் பண்ணா சம்மனசுக்குக் காது கேக்குமா என்ன?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அர்கிரோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பையிலிருந்த படத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் திருவிழாக் கடையின் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

"கோழி விவகாரத்தப்பவே இத அங்க மாட்டிட்டு அசல இங்க கொண்டாந்துட்டேங்க... திருப்பி வைக்கத்தான் மறந்துபோச்சு!"