இடம் கேட்ட மழைப்படம்

வரும் வாரத்து வானிலையைச் சொல்லும் ஒரு தாளில், கிழமைக்கு ஒரு தூணாக அளவைக் காட்டும் வெயில்படமும் மழைப்படமும் மேலும் கீழுமாகக் குடியிருந்தன. இரண்டையும் சுற்றி ஒரு சின்னக் கட்டம், அதையும் சுற்றி ஒரு பெரிய கட்டம். மழைப்படத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைக்கான அதன் நீலத் தூண் அத்தனை உயரம். ஆனால் அதன் தலைப்பு, மேலேயிருந்த வெயில்படத்தின் கிழமைப் பெயர்களில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்க புதன்கிழமை என் தலைமேல உட்கார்ந்திருக்கு,” என்றது மழைப்படம்.

“நீ கொஞ்சம் தலையை இறக்கிக்கோ,” என்றது வெயில்படம்.

மழைப்படம் பெரிய கட்டத்திடம் முறையிட்டது. அது இரக்கப்பட்டு நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டது. அது தெரியாமல் சின்னக் கட்டமும் தன் பங்குக்கு இடம் விட்டது. போதாதோ என்ற பயத்தில் மழைப்படமும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டது.

இப்போது எதுவும் எதையும் இடிக்கவில்லை. மழைப்படம் நிம்மதியாகக் குனிந்து பார்த்தது. தலைப்பு மட்டும் பழைய பருமனில் இருந்தது. தாள் வளராததால், விட்ட இடமெல்லாம் படத்திலிருந்தே போய், ஏழு தூண்களும் ஒரு தபால்தலை அளவுக்குள் ஒடுங்கிக் கிடந்தன.

“அண்ணே, என் வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியுதா?”

“நீ எங்கே இருக்கேன்னே தெரியலையேம்மா,” என்றது வெயில்படம், வெகு தூரத்திலிருந்து.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலர் திருமேனி தாளை எடுத்துப் பார்த்தார். “தலைப்பு பளிச்சுனு இருக்கு. மழைதான் ஒண்ணும் இல்லை போலிருக்கு,” என்று சொல்லிவிட்டு, குடையை மேசையிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.