ஒரு முழம் ஒயர்

வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில், வாக்கி டாக்கி மாதிரியான ஹாம் ரேடியோ கைசெட்டின் ஆன்டெனா அடியில் ஒரு முழம் ஒயரை வால் மாதிரி தொங்கவிட்டு முறுக்கினாள் வினோதினி.

"பூவா அளக்கிற? புது ஆன்டெனாவே வாங்கித் தரேன்," என்றான் கணவன் வல்லரசு.

"வேணாங்க. பழைய அயர்ன்பாக்ஸ் ஒயரே போதும். மலைக்கு அந்தாண்ட கேட்டே ஆகணும்."

"அதுக்கு போன் பண்ணிட்டுப் போயேன்!"

"போன் சரிப்படாது."

செட்டில் வெறும் இரைச்சல். நீளம் ஒத்துவர ஒயரைக் கொஞ்சம் நறுக்கினாள். அப்பவும் இரைச்சல்தான். விடுவாளா? மறுபடி நறுக்கி, செட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"கேக்குதும்மா, நல்லா கேக்குது," என்றது ஒரு வயதான குரல்.

வல்லரசுக்கு முகம் மாறியது. அவனோடு சண்டை போட்டுக்கொண்டு மலைக்கு அந்தாண்ட அடி அண்ணாமலைக்கே குடிபோன அவன் அப்பா தருமன்!

"மாமாகிட்டயும் ஒரு செட் குடுத்திருக்கேன். போன்ல அப்பாவும் புள்ளையும் ஒரே நேரத்துல கத்துறீங்க. இதுல ஒருத்தர் முடிச்சாதான் அடுத்தவர் பேச முடியும்," என்று செட்டை அவன் கையில் திணித்தாள் வினோதினி. "முதல்ல மாமா பேசட்டும். அதுவரைக்கும் பேசுற பட்டன்ல கை வைக்காதீங்க."