வாத்து போட்ட துணி

அன்று ஊர்த் தொட்டியடியில் இருந்தவர்கள் ஏழு பேர். தொட்டிச் சாவி வைத்திருக்கும் பெட்ரோனா; வயதுக்கு மரியாதையாக எல்லோருக்கும் அவர் 'டோனா'. தையல்காரி எலுவியா. வாய்க்காரி சோய்லா. தோமாசா, கத்தரீனா என்ற அக்கா தங்கை. நிறைமாத வயிற்றோடு யெசேனியா. பதின்மூன்று வயது மார்லெனி.

நடுத்தொட்டியில், மாதவிலக்குக்கு வைக்கும் துணி நாப்கின் ஒன்று மிதந்தது. வாத்துப் படம் போட்டது.

"ஐயோ, எல்லாரும் மொண்டு துவைக்கிற தண்ணியாச்சே!" என்று சோய்லா ஊரைக் கூட்டினாள்.

நடுத்தொட்டியில் துணி படவே கூடாது. கிண்ணத்தால் மொண்டு, அவரவர் கல்லில் ஊற்றித்தான் துவைக்க வேண்டும். போன வருஷம் ஒரு காலுறை விழுந்ததற்கே டோனா பெட்ரோனா ஒருத்தியைத் தனியாளாய்த் தொட்டி முழுவதையும் தேய்க்க வைத்தார்.

எலுவியாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. நாலு மடிப்பு பனியன் துணி, நடுவில் பழைய குடைத்துணி, ஓரத்தில் பிரஸ் பட்டன். எல்லாம் அவள் கைவேலை. வீட்டுக்கு ஒரு தினுசுத் துணி என்று வெட்டியிருந்தாள். வாத்து, மார்லெனியுடையது.

மார்லெனி கல்லோடு கல்லாக நின்றாள்.

எலுவியாதான் அவளிடம் சொல்லியிருந்தாள்: "சுடுதண்ணியில போடாதே, கறை பிடிச்சுக்கும். நல்லா சில்லுனு இருக்கிற தண்ணியில ஊற வை." ஊரிலேயே சில்லென்ற தண்ணீர் நடுத்தொட்டியில்தான் இருந்தது. பிள்ளை சொன்னபடி செய்துவிட்டாள்.

"எலுவியா, நீ தைச்சதுதானே?" என்றார் டோனா பெட்ரோனா.

"ஆமா டோனா."

"யாருக்குத் தைச்சே?"

எலுவியா குனிந்து தன் கல்லில் தண்ணீர் ஊற்றினாள்.

"சொல்லிடு. அவ ஒருத்தி தேய்ச்சிட்டுப் போகட்டும். சொல்லலேன்னா, இன்னையிலேர்ந்து இந்தத் துணி ஒண்ணுகூட தொட்டிப் பக்கம் வரக் கூடாது."

ஊரில் வேறு தண்ணீர் கிடையாது. இந்தத் துணி வந்த பிறகுதான் மார்லெனி மாதிரிப் பிள்ளைகள் மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் சோய்லா. "இந்த அசிங்கத்தைக் கழுவி வேற மறுபடியும் வைக்கணுமா? என் வீட்டு வாசப்படி ஏறாது இந்தக் கந்தல்!"

"நீ சும்மா இரு. எலுவியா, சொல்றியா மாட்டியா?"

"நானே தேய்க்கிறேன் டோனா. ஆனா யாருதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

டோனா பெட்ரோனா அவளையே பார்த்தார். பிறகு குனிந்து நாப்கினை எடுத்துப் பிழிந்தார். தன் கல்லின்மேல் வைத்தார்.

"என்னுது," என்றார்.

சோய்லாதான் வாயைத் திறந்தாள். "உங்களுதா? உங்களுக்கு நின்னு இருபது வருஷம் ஆச்சே!"

"நேத்து திரும்பி வந்துடுச்சு. உன்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணுமா?"

யெசேனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க டோனா, இங்கேயே பெத்துடுவேன்!"

டோனா பெட்ரோனா அடைப்பைப் பிடுங்கினார். பாவாடையைத் தூக்கிச் செருகினார். மூட்டு வலியோடு தொட்டிக்குள் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

எலுவியாவும் பிரஷ்ஷோடு குதித்தாள். "பார்த்தா என்னுது மாதிரியும் இருக்கு டோனா."

"இல்ல, என்னுது," என்று தோமாசா இறங்கினாள்.

"அவ பொய் சொல்றா, என்னுது," என்று கத்தரீனாவும் இறங்கினாள்.

"எனக்கு ஒன்பது மாசமா வரல. இருந்தாலும் என்னுதுதான்!" என்று யெசேனியா கரையில் இருந்தபடியே கத்தினாள்.

கடைசியாக மார்லெனி இறங்கினாள். தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "டோனா, அது என்னுதுதான்."

"தெரியும்டி. வாத்து போட்டு வேற யாருக்குத் தைப்பா? இனிமே மொண்டு உன் வாளியில ஊற வை. இப்ப அந்த மூலையைத் தேய்."

தொட்டி பளபளத்தது. குழாயைத் திறந்துவிட்டதும் புதுத் தண்ணீர் விழத் தொடங்கியது.

"எலுவியா, இதுக்கு நல்ல வெயில் வேணும்னு சொல்லிட்டே இருப்பியே? ஏன் எல்லாரும் துண்டுக்கு அடியில ஒளிச்சுக் காயப்போடறீங்க? எடுங்கடி வெளியே!" என்றார் டோனா.

தெருவைப் பார்த்த கம்பியில் டோனா பெட்ரோனாவே வாத்தை மாட்டினார். வாளிகளின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கோடு போட்டது, புள்ளி போட்டது, கட்டம் போட்டது. சோய்லா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பிக் கோடியில் தன் போர்வையை விரித்தாள்.

விறகு சுமந்து வந்த ஒரு ஆள் நின்று பார்த்தான். "என்ன டோனா, தோரணம் கட்டியிருக்கீங்க? திருவிழாவா?"

"ஆமா. உனக்கும் ஒண்ணு மாட்டிவிடவா?"

ஏன் எல்லோரும் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவன் நடையைக் கட்டினான்.

சாயங்காலம் அவரவர் துணியையும் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மார்லெனி வாத்தை மடித்துப் பட்டன் போட்டாள். வாளிக்கு அடியில் வைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

எலுவியாவும் சோய்லாவும் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு காற்று அடித்தது. சோய்லாவின் போர்வை நழுவிக் கீழே விழுந்தது.

போர்வைக்கு அடியில் ஒரு நாப்கின் கிளிப்பில் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூ போட்டது. சோய்லா கொல்லைப்பக்கமாக வந்து, "பக்கத்து ஊர்ல என் தங்கச்சி மகளுக்கு" என்று கொடுத்துத் தைக்கச் சொன்ன அதே துணி.

சோய்லா பாய்ந்து போர்வையைப் பொறுக்கினாள். "இது... இது யாருது?"

"யாருதுன்னு நான் சொல்றதில்லையே, சோய்லா," என்றாள் எலுவியா.

குழாயை மூடத் திரும்பிக்கொண்டாள். மெதுவாகத்தான் மூடினாள்.

மறுபடி பார்த்தபோது கம்பியில் மீதம் இருந்தது ஒரே ஒரு கிளிப்.