இரைச்சலில் பழகிய கை

மடவார் வளாகம் என்கிற ஊரின் பள்ளிக்கூடத்தில் காலை வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பாய்களின்மேல் விரிக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று நடத்தும் கண் முகாம். ஆபரேஷன் முடிந்தவர்கள் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். டெட்டால் வாடைக்கு நடுவே இஞ்சி மணக்கிறது. வார லீவில் வந்திருக்கும் மில் பெண்கள் டீ ஊற்றுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான சந்தனமேரி, தேவதானத்து விவசாயி தனுஷ்கோடியின் முன்னால் நின்று, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டுகிறாள். மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. டீ வேண்டுமா என்று மில்லில் இப்படித்தான் கேட்பார்கள். அவர் அசையவில்லை. மறுபடியும் காட்டுகிறாள். கூட வேலை பார்க்கும் அழகுத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏட்டி, அவியளுக்கு ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுல புரை. யாருக்குச் சைகை காட்டுத?" என்கிறாள். சந்தனமேரி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அதற்குள் டாக்டர் வந்துவிட, கெட்டிலோடு வாசலுக்கு ஒதுங்குகிறாள். டாக்டர் தனுஷ்கோடியின் கட்டைப் பிரிக்கிறார். ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்து, மில் வாங்கிக்கொடுத்த தடித்த கண்ணாடியை மாட்டிவிடுகிறார். "ஏதாவது தெரியுதா?" இரண்டு வருஷமாக மகன் கையைப் பிடித்தே வயலுக்குப் போய்வந்த மனிதர், பதில் சொல்லப் பயந்தவர்போல உதட்டை ஈரப்படுத்துகிறார். கூடமே அவர் வாயைப் பார்க்கிறது. வெளியே சைக்கிள் மணி ஒன்று கடந்துபோகிறது. சந்தனமேரியின் கை, அவளை அறியாமல், மறுபடியும் உயர்ந்து கட்டைவிரலைச் சாய்க்கிறது. தனுஷ்கோடியின் முகம் மெல்ல வாசல் பக்கம் திரும்பி, அங்கேயே நிற்கிறது.

"ஊத்து தாயி," என்கிறார். "அரை டம்ளர் போதும்."