வேண்டுதல் சீட்டு

மேவா சிங் அந்தச் சீட்டில் என்ன எழுதிக் கொடுத்திருப்பான் என்று ஜக்தாருக்குப் படிக்காமலே தெரியும்.

"என்னைப் பத்தித்தான் எழுதியிருப்பான்" என்று நடுப்பாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசை ஓரத்தில் இருந்த மனைவியிடம் முணுமுணுத்தான்.

பல்விந்தர் கண்ணைத் திறக்கவில்லை. ஆர்மோனியம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த மூடுபனி, குருத்வாரா மண்டபத்தில் இருந்த நூறு பேரோடு தானும் ஒரு ஆளாக உட்கார்ந்திருந்தது.

"உங்க அண்ணன் ஏதோ வேண்டிக்கிறார். விடுங்களேன்."

"செவ்வாய்க்கிழமை வாய்தா. வேற எதுக்கு மோகாவிலேருந்து இந்த மலைக்கு வரணும்?"

"நீங்க எதுக்கு வந்தீங்களாம்?"

"நிம்மதிக்கு."

அது உண்மைதான். அண்ணன் முகத்தில் விழிக்காமல் நாலு நாள் வாகேகுருவை நினைத்துக்கொண்டு கிடக்கலாம் என்றுதான் வந்தான். நேற்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தேவதாரு மரங்களுக்கு நடுவே கனவில் நடப்பதுபோல் நடந்து வந்து, சமையல்கூடத்தில் பட்டாணி உரிக்க உட்கார்ந்தால், எதிரே அதே குவியலில் கை வைத்தபடி அதே அண்ணன்!

அப்பா போட்ட போர்வெல் யாருக்கு என்று இருவரும் கோர்ட்டுக்குப் போய் ஆறு வருஷம். 'பாஜி' என்று அண்ணனைக் கூப்பிட்டும் ஆறு வருஷம். மூட்டைப் பட்டாணியையும் ஒரு வார்த்தை பேசாமல் உரித்து முடித்தார்கள்.

அவன் மட்டும்தான் சீட்டு கொடுப்பானா? ஜக்தார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

'மேவா சிங் கேஸில் தோற்கணும். அவன் எங்கே போர் போட்டாலும் புழுதிதான் வரணும்.'

கீழே தன் பெயரை எழுதி, நாலாக மடித்து, பிரார்த்தனை நடத்தும் கியானி தர்பாரா சிங்கிடம் கொடுத்துவிட்டு வந்தான். அவன் ஊர் குருத்வாராவில் சீட்டுகளைப் பிரிக்கவே மாட்டார்கள். கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இங்கே வழக்கம் வேறு என்பது, எல்லோரும் கைகூப்பி எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

"அமர்ஜோத் கௌர் வேண்டுகிறார். பேரனுக்குக் கனடா விசா கிடைக்கணும்" என்று கியானிஜி உரக்கப் படித்தார்.

ஜக்தார் வாசலைப் பார்த்தான். பிரார்த்தனை முடியும் வரை யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. நூறு பேர் முன்னால், பல்விந்தர் முன்னால், கடலே இல்லாத இந்த மலையில் மானம் கப்பலேறப் போகிறது.

கியானிஜி அடுத்த சீட்டைப் பிரித்தார். லேசாக இருமினார்.

"மேவா சிங் வேண்டுகிறார். தம்பி ஜக்தார் வீடு நல்லா இருக்கணும். அவன் வயலுக்குத் தண்ணி குறையவே கூடாது."

ஜக்தார் நிமிர்ந்து பார்த்தான். கேட்டது நிஜம்தானா? பனிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் நீலத் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அது குனிந்திருந்தது.

அடுத்த சீட்டு. மறுபடியும் இருமல். வாகேகுருவே, இந்த நிமிஷமே என்னை எடுத்துக்கொள் என்று ஜக்தார் கண்ணை இறுக மூடினான்.

"ஜக்தார் சிங் வேண்டுகிறார். அண்ணன் மேவா சிங் நோய்நொடி இல்லாம இருக்கணும். அவர் கிணத்துல தண்ணி வத்தவே கூடாது."

அதன் பிறகு எல்லோருக்கும் நலம் கேட்டுப் பிரார்த்தனை முடிந்ததோ, நெற்றியைத் தரையில் வைத்ததோ எதுவும் அவன் நினைவில் இல்லை. வெளியே பனிக்குள் தட்டுத்தடுமாறிச் செருப்பைத் தேடும்போது ஒரு முரட்டுக்கை தோளைப் பிடித்தது.

"டேய் ஜக்தாரு... என் தண்ணிக்காகவாடா வேண்டிக்கிட்ட?" கேட்டது மேவா சிங். தம்பியின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "நான் பாவிடா."

"இல்ல பாஜி, நான்தான்..." ஜக்தார் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாள் தண்ணி உனக்கு, ஒரு நாள் எனக்கு. வாய்தாவாவது மண்ணாங்கட்டியாவது!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, பல்விந்தரும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும்தான் ஜக்தாருக்கு உறைத்தது. சீட்டு! அண்ணன் கண்ணில் பட்டால்?

சமையல்கூடத்துக்கு ஓடினான். அடுப்போரமாக உட்கார்ந்து கியானிஜி டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீட்டுகள்.

"கியானிஜி, என் சீட்டுல நான் எழுதினது..."

"இந்தப் பனியில எனக்கு எழுத்து சரியாத் தெரியலப்பா. ஏதோ கண்ணுக்குப் பட்டதைப் படிச்சேன்." மூக்கின் மேல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. "உன்னோடதை எடுத்துக்க."

அவசரமாக மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தான். அவன் கையெழுத்து இல்லை. வலதுபக்கம் சாய்ந்த, சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த கையெழுத்து.

'ஜக்தார் கேஸில் தோற்கணும். அவன் பயிர் நின்ற இடத்திலேயே காயணும்.'

இரண்டாம் தடவையும் படித்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். சிரிப்புத்தான் வந்தது. கூடவே, நின்றிருந்த கண்ணீரும் வந்தது.

வாசலில் யாரோ கனைத்தார்கள். மேவா சிங். முகம் வெளிறியிருந்தது.

"கியானிஜி... என் சீட்டு..."

கியானிஜி நிமிரவில்லை. டீயை ஊதினார்.

ஜக்தார் முதுகால் அடுப்பை மறைத்துக்கொண்டு, கிண்ணத்தை அப்படியே அதில் கவிழ்த்தான். கையிலிருந்ததையும் போட்டான். பிறகு திரும்பினான்.

"எல்லாச் சீட்டையும் படிச்ச கையோட எரிச்சுட்டாராம், பாஜி. வாங்க, டீ ஆறிடும்."