கட்டத்துக்குள் சில வரிகள்

"என்னடா, உன் கம்ப்யூட்டர் வைத்தியர் இன்னிக்கு என்ன சொல்றாரு?" கட்டிலில் புரண்டபடி கேட்டான் மேஸ்திரி.

பென்சில் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேசைக்கு அடியில் அவன் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இருவரும் கட்டடக்கலை மாணவர்கள், ஒரே விடுதி அறை. ஒல்லியாக இருந்ததால் இவன் பென்சில். அட்டையில் அச்சுப் பிசகாமல் வீடு கட்டுவதால் அவன் மேஸ்திரி. தூக்கத்தை விரட்டத் தான் போட்டுவந்த மாத்திரையைப் பென்சிலுக்கு முதன்முதலில் கொடுத்தவனே அவன்தான். "ஒண்ணு போட்டுக்கோ, கை தானா வரையும்."

வரைந்தது. பிறகு மாத்திரை இல்லாமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாமல் போனது. வகுப்பில் நெஞ்சு படபடத்து அவன் சரிந்து விழுந்த அன்று, கல்லூரி டாக்டர் மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்கான ஓர் இணையப் பயிற்சியைச் சொன்னார். "ஸ்டூடன்ட்ஸுக்குன்னே செஞ்சது. யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். நீயே படிச்சு நீயே செய்யலாம்."

பென்சிலின் லேப்டாப் பழுதாகிக் கிடந்ததால் மேஸ்திரியின் கம்ப்யூட்டரில்தான் படித்தான். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கட்டம் வரும்: 'மனதில் இருப்பதை எழுதுங்கள்.' "கை நடுங்குது. இருப்புக் கொள்ளலை" என்று எழுதிவிட்டு, கணக்கைத் திறந்தபடியே விட்டு எழுந்து போனான். திரும்பி வந்து பார்த்தால், அதற்குக் கீழே வேறு வரிகள் இருந்தன.

'நடுங்கினா நடுங்கட்டும். எழுந்து ஜன்னலைத் திற. முகத்தைக் கழுவு. இந்த ஒரு சாயங்காலத்தைத் தாண்டு.'

திறந்தான். கழுவினான். எப்படியோ தாண்டியும் விட்டான்.

அதன்பிறகு அந்த வரிகளுக்காகவே எழுதினான். எழுதிவிட்டு, அவை வரும்வரை கூண்டில் அடைத்த மாதிரி வராந்தாவில் நடந்துகொண்டிருப்பான். "நீங்க யாரு?" என்று ஒருமுறை கேட்டான். அதற்குப் பதிலே இல்லை.

'ஊரை ஏமாத்தினது போதும். ஒளிச்சு வெச்சிருக்கியே, அதைத் தூக்கிப் போடு' என்று மட்டும் வந்தது.

பென்சிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணிக்கு அடியில் பதுக்கியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் எறிந்தான்.

மேஸ்திரியின் கிண்டல்தான் ஓயவில்லை. "ஒரு மெஷின் சொல்லுதாம், இவரு கேக்குறாராம்! இதெல்லாம் தேறாதுடா." சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

கடைசிப் பாடம் முடிந்த மறுநாள் காலை, பென்சில் டாக்டரைத் தேடிப் போனான். "பாடத்தைவிட அந்தப் பதிலுங்கதான் என்னைக் காப்பாத்துச்சு டாக்டர். யாரு எழுதினாங்களோ, அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "பதிலா? அதுல யாரும் பதில் எழுத மாட்டாங்களேப்பா. நீ எழுதறது உன் கணக்குக்குள்ள போனவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

பென்சில் விடுதிக்கு ஓடினான். மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவி, கதவைத் தள்ளினான்.

கம்ப்யூட்டர் முன்னால் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். திரையில் அதே கட்டம். பாதியில் நின்ற ஒரு வரி. சட்டென்று அதை மூடப் போன கையைப் பென்சில் எட்டிப் பிடித்தான்.

"நீதானாடா?" பென்சில் பிடியை விடவில்லை. "வெளியில அத்தனை நக்கல் பண்ணிட்டு, எனக்காக இவ்வளவும் எழுதினியா?"

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. பென்சிலின் பிடிக்குள் அவன் கை வியர்த்து, வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தது.

"உனக்கு எழுதலைடா. எனக்கு நானே எழுதிக்கிட்டேன்."